வெற்றிலை வைத்து அழைத்த டேட்டாபேஸ் கூட்டம்

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பதுளை நகரில், ஒரு கடைக்கு மேல் இரண்டாம் மாடி மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. கொழும்பிலிருந்து வந்திருந்த குகதாசன் திரையைக் கட்டிவிட்டு மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் புதுச் சட்டை போட்டு, கழுத்தில் பெயர் அட்டையைத் தொங்கவிட்டு வாசலில் நின்றேன். டேட்டாபேஸ் வேலை செய்கிறவர்களின் கூட்டம் பதுளையில் நடப்பது அதுதான் முதல் தடவை. நடத்துவது நான்.

முதலில் ஒரு பெண் ஏறி வந்தார். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. பின்னால் அவர் வீட்டுக்காரர், தோளில் புதுத் துண்டு. அதற்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு மருமகள். எல்லோருக்கும் பின்னால், மடிக்கணினிப் பையைத் தூக்கிக்கொண்டு, அந்த வீட்டு மகன். அவன் ஒருவனைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். அதற்குப் பின்னால் இன்னொன்று.

புதுத் துண்டுக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வணக்கமுங்க. சாப்பாடு மேலயா, கீழயா?"

குகதாசன் தலையை நிமிர்த்தினார். "அண்ணை, இது ஆரின்ரை கலியாணம்?"

"கல்யாணம் இல்லீங்க. நம்ம கூட்டத்துக்கு வந்தவங்கதான்."

"அந்தக் கைக்குழந்தையும் பதிவு செய்திருக்கோ?"

இந்த நிலைமை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எட்டாம் வகுப்பு

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில். இதை நான் மறைத்ததில்லை. மேடை ஏறினால் முதலில் இதைத்தான் சொல்வேன். கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டவுனில் டைப்ரைட்டர் பழுது பார்க்கிற கடையில் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வேறு தொழில் தேடினார்கள். நான் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தேன்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்துக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். முடியுமா என்று எனக்கு அப்போது தெரியாது. ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் இருந்ததை அப்படியே தட்டிப் பார்த்தேன். புத்தகம் சொன்னது புரியவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன பதில் புரிந்தது. அப்படித்தான் படித்தேன்.

இன்றைக்குப் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் தொழிற்சாலைப் புகைபோக்கி தெரிகிற இடமெல்லாம் என் புரோகிராம் ஓடுகிறது என்று சொன்னால் அது பொய்யில்லை. கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

டேட்டாபேஸ் என்றால் என்ன என்று இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகர் போன் பண்ணிக் கேட்டார். எந்த மலையில், யார், எவ்வளவு கொழுந்து பறித்தார் என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டவுடன் சரியாக எடுத்துக் கொடுக்கிற ஏற்பாடு. அவ்வளவுதான். அதற்குப் பெரிய பட்டம் வாங்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் பட்டம் வாங்கியவர்கள்.

கொழும்பு மேடை

ஒரே மாதிரி மென்பொருளை வைத்து வேலை செய்கிறவர்கள் கூடிப் பேசுகிற குழுக்கள் கொழும்பில் உண்டு. யூசர் குரூப் என்பார்கள். ஒருவர் தான் பட்ட பாட்டைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு டீயும் பெட்டிஸும். வருடத்தில் ஒரு தரம் பெரிய ஹோட்டலில் மாநாடு.

நான் முதன்முதலில் போனபோது அந்த ஹோட்டல் மண்டபம் நம் நுவரெலியாவை விடக் குளிராக இருந்தது. நான் முன்யோசனையோடு கம்பளிச் சுவெட்டர் கொண்டுபோயிருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பக்கத்துக் கதிரைக்காரர் தள்ளி உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் அவர் கை இரண்டும் கக்கத்துக்குள் போய்விட்டன.

அடுத்த வருடம் என்னையே பேசக் கூப்பிட்டார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும்போது பாதி எழுதின கணக்கு பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது பேச்சு. எனக்குத் திரையில் படம் காட்டிப் பேச வராது. எழுதிக் காட்டப் பலகை கேட்டேன். அந்த ஹோட்டலில் பலகை இல்லை. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து, அன்றைய சாப்பாடு எழுதி வைக்கிற பலகையைத் தூக்கி வந்தார்கள். பாதியைத்தான் அழிக்க விட்டார்கள். கோழிக்கறி, பருப்பு, வட்டலப்பம் என்று இருந்ததற்குக் கீழே நான் கட்டம் போட்டு விளக்கினேன். தமிழும் சிங்களமும் கலந்து பேசினேன். கைதட்டல் நிற்கவில்லை.

அதன் பிறகு மாநாடு என்றால் நான் இல்லாமல் நடந்ததில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் என்னிடம் பதில் இருக்கும். மாநாட்டில் கொடுக்கிற டீசேர்ட்டுகளை ஊருக்குக் கொண்டு வந்து கொடுப்பேன். ஸ்பிரிங்வெளி மலையில் சேலைக்கு மேலே டேட்டாபேஸ் மாநாட்டு டீசேர்ட் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண்களை இன்றும் பார்க்கலாம். கொடுத்தது நான்.

எனக்கு வேண்டியிருந்தது

குகதாசன் அந்தக் குழுவின் செயலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் உத்தியோகம். அவர்தான் சொன்னார், கொழும்புக்கு வெளியேயும் கிளை தொடங்கலாம் என்று. ஊரில் ஒரு கூட்டம் நடத்திக் காட்ட வேண்டும். ஆள் வர வேண்டும். கூட்டம் முடிவில், வந்த உறுப்பினர்களே கைதூக்கித் தலைவரைத் தெரிவு செய்ய வேண்டும்.

பதுளை இருக்கிற ஊவா மாகாணத்தின் கிளைத் தலைவர். அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். தோட்டத்துக் கோயில் கமிட்டியில் என் பெயர் வந்தபோதெல்லாம் "அவரு டவுனுக்குப் போனவரு" என்று தள்ளிவிட்டார்கள். டவுன் சங்கங்களில் "அவர் தோட்டத்திலிருந்து வந்தவர்" என்றார்கள். இந்தத் தொழிலில் மட்டும், இந்தப் பக்கத்தில், எனக்கு முன்னால் யாரும் இல்லை. இந்தக் கதிரையாவது என்னுடையது என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு வந்து உறுப்பினராகச் சேருகிறவர்கள் பெயர் பதிய, குகதாசன் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தார். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்போது டவுனில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். பதிந்தவர்கள் நானும், நான் நடத்துகிற கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்களும்தான்.

என் ஆபீஸில் யோகேஸ்வரி என்று ஒரு பெண் இருக்கிறாள். கொஸ்லந்தவில் பிறந்து ஸ்பிரிங்வெளியில் வாழ்க்கைப்பட்டவள். பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். முறையாகப் படித்து வந்தவள். என் அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல வேலைக்காரி. அவளிடம் கேட்டேன்.

"லிங்க் அனுப்புனா எப்படிங்கய்யா வருவாங்க? ஞாயித்துக்கெழமன்னா கைக்காசு மலை இருக்கு. டவுன்ல வேல பாக்குறவங்களும் வீட்டோட கொழுந்தெடுக்கப் போயிருவாங்க. வீட்டுல விடணும்ல?"

அன்றன்றைய பறிப்புக்கு அன்றன்றே கையில் காசு கிடைக்கிற மலையை விட்டுவிட்டு யார் வருவார்? நியாயம்தான்.

"அப்ப வீட்டுலயே கேட்டுருவோம்," என்றேன். "வெத்தல பாக்கு வச்சு அழைப்போம்."

"வெத்தல வச்சா வீட்டோட வருவாங்கய்யா."

"வரட்டுமே. கூட்டம்னா கூட்டமா இருக்க வேணாமா?"

"பெறகு என்னையச் சொல்லக்கூடாது," என்றாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். டவுன் எனக்கு. கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். தோட்டம் அவளுக்கு. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் படி என் முழங்கால் ஏறாது. அவள் தட்டில் வெற்றிலையும் பாக்கும் சந்தனமும் எடுத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளி லயங்களுக்குப் போனாள், ஹாலிஎலப் பக்கம் போனாள், பிறந்த ஊரான கொஸ்லந்தவுக்கும் போனாள். ரோடு முடிகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்ட வாகனம் என்னுடையது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

"தொடைக்கிறியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து எனக்குப் போன் மட்டும் வந்தது. ஒருவருக்குத் தலைவலி. ஒருவருக்கு மாமனார் வருகிறார். தோட்டத்திலிருந்து ஒரு வீடு மிச்சமில்லாமல் வந்துவிட்டார்கள். கதிரை போதாமல் கீழ்க் கடையில் இருந்து பெஞ்சு தூக்கினோம்.

குகதாசன் சளைக்காமல் தொடங்கினார். இரண்டு பேர் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் திருத்தப் போனால் டேட்டாபேஸ் எப்படி ஒருவரை நிறுத்தி வைக்கிறது என்பது பேச்சு. நல்ல பேச்சு. குழந்தை அழுதது. பூ வாசனையில் யாரோ தும்மினார்கள். புதுத் துண்டுக்காரர், பெருமாள் என்று பெயர், எழுந்து நின்றார்.

"ஐயா, கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க பேசுறது நல்லாத்தான் இருக்கு. இதுல எங்க மகன் என்ன செய்யிறான்?"

"அப்பா, உக்காருங்கப்பா," என்றான் மகன் சுதாகர்.

"இருடா. கேட்டா கம்பியூட்டர்ல வேலங்கிற. கம்பியூட்டர்ல என்னடா வேல? தொடைக்கிறியா?"

மண்டபமே சிரித்தது. குகதாசன் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் நான் இருக்கிறேன். மைக்கை எடுக்கப் போனேன். அதற்குள் யோகேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"பெருமாள் மாமா கேக்குறது சரிதானே? பெத்தவங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறோம்? சுதாகர், நீ முன்னால வா."

பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவது போல, அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சுதாகர் ஒரு மருந்துக்கடையில் வேலை. எந்த மருந்து எந்த மாதத்தோடு கெட்டுப்போகும் என்று டேட்டாபேஸ் சொல்லும், கெட்ட மருந்து யார் கைக்கும் போகாமல் பார்ப்பது தன் வேலை என்றான்.

அவன் அம்மா உட்கார்ந்தபடியே கேட்டார். "அப்ப போன மாசம் எனக்குக் கொண்டாந்த இருமல் மருந்து?"

"அது நல்லதும்மா!"

அடுத்து வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். அவள் தாய் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"யாரு யாரு எவ்வளவு வச்சிருக்காங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லமாட்டேன்."

"எனக்குக் கூடவா?"

"ஒங்களுக்குத்தாம்மா மொதல்ல சொல்லமாட்டேன்."

குகதாசன் தன் படங்களை மூடி வைத்துவிட்டு முன் பெஞ்சில், குழந்தைக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என் காதில் சொன்னார்: "அண்ணை, கொழும்பிலை கேள்வி கேளுங்கோ எண்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். இஞ்சை நிப்பாட்டேலாமல் கிடக்கு."

என் பேச்சு சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தது. "நான் கடந்து வந்த பாதை." ஆனால் அதற்குள் சாப்பாட்டுக்காரர் நசீர் நானா படியேறி வந்து, மண்டபத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மீட்டிங் எண்டு செல்லித்தானே ஓடர் தந்தீங்க முதலாளி? இது வலீமா மாதிரி ஈக்குதே!"

கல்யாண விருந்துக்கான கூட்டம், கூட்டத்துக்கான சாப்பாடு. ஆனால் நானா லேசுப்பட்டவர் இல்லை. கடைக்கு ஓடிப்போய் இன்னொரு சட்டி சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் ஏற்றிக்கொண்டு வந்தார். சோறு வந்த பிறகு யார் பாதையைக் கேட்பார்கள்? என் பேச்சு அப்படியே பையில் இருந்தது.

கைகள்

சாப்பிட்டு முடிந்ததும் குகதாசன் மைக்கைப் பிடித்தார். "இனி உங்கடை கிளைக்குத் தலைவரைத் தெரிவு செய்யவேணும். ஆரையாவது முன்மொழியுங்கோ."

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். சுதாகரைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

காத்திருந்து பார்த்துவிட்டு நானே எழுந்தேன். "மாரிமுத்துவை முன்மொழியிறேன்."

"அண்ணை, மாரிமுத்து நீங்களெல்லோ?"

"ஆமா."

"சரி. ஆராவது வழிமொழியிறியளோ?"

வாசலில் கரண்டியோடு நின்ற நசீர் நானா கை தூக்கினார். "நான் ஈக்கிறேன்!"

"நானா, நீங்க மெம்பர் இல்லையே," என்றேன்.

"சோறு போட்டவனுக்கு ஒரு ஓட்டு இல்லையா?"

சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரவும் முடியவில்லை. அப்போது யோகேஸ்வரி சொன்னாள்: "நான் வழிமொழியிறேங்க."

அவள் உட்கார்ந்ததும் பெருமாள் எழுந்தார். "வேற பேரு சொல்லலாமுங்களா? நான் யோகேஸ்வரி பேரச் சொல்றேன்."

"ஐயா, உறுப்பினர்தான் சொல்லலாம்," என்றார் குகதாசன்.

"அப்ப நான் உக்காந்துக்கிறேன். டேய் சுதாகர், நீ எந்திரிச்சுச் சொல்லு."

சுதாகர் எழுந்து சொன்னான். வங்கிப் பெண் வழிமொழிந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா பெருமாளு, மண்டபம் நான் புடிச்சது. சாப்பாடு நான் சொன்னது. கொழும்பு ஆளைக் கூட்டிட்டு வந்தது நான். ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"இப்பத் தெரியுதுங்க," என்றார் அவர், மரியாதையாகத்தான். "ஆனா எங்க வாசலுக்கு வெத்தலத் தட்டோட வந்தது அந்தப் புள்ள. மழையில நனஞ்சுக்கிட்டு வந்துச்சு. யாரு கையில வெத்தல வாங்குனமோ, அவங்க விசேசத்துக்குத்தானே வருவோம்? இது ஒங்க விசேசம்னு இங்க வந்துதாங்க தெரியும்."

கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டு கைகள். ஒன்று என்னுடையது. மற்றது யோகேஸ்வரியுடையது. வழிமொழிந்துவிட்டு மாற்றிப் போடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

அவளுக்கு மற்ற எல்லோரும். எண்ணவே தேவையிருக்கவில்லை. ஓட்டில்லாத தாய் தகப்பன்மாரும் தூக்கினார்கள். மருமகள் அந்தக் கைக்குழந்தையின் கையையும் பிடித்துத் தூக்கினாள்.

எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால், இத்தனை வாரம் இந்தத் தொடரைப் படித்தவர்கள் நம்பமாட்டார்கள். வலித்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓட்டுக் கேட்டீங்களா, உத்தரவு போட்டீங்களா?" என்றாள்.

கொஞ்ச நாள் ஆபீஸில் யோகேஸ்வரியைக் குத்திப் பார்த்தேன். "தலைவருக்கு டீ வேணுமா?" என்பேன். "குடுங்க உறுப்பினரே," என்று வாங்கிக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். குத்துகிறவனுக்குத்தான் கை வலித்தது. நிறுத்திவிட்டேன்.

கேள்வி நேரம்

அதற்குப் பிறகு வந்த கொழும்பு மாநாட்டில், பதுளைக்கு ஒதுக்கிய பேச்சு கிளைத் தலைவருக்குப் போனது. நான் ரயிலில் அவளோடு போனேன். மண்டபத்தில் நடுவரிசையில் உட்கார்ந்தேன். அந்த மேடையைக் கீழேயிருந்து முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நினைத்ததை விடச் சின்ன மேடை.

சிக்னல் இல்லாத மலைகளில் கொழுந்து நிறுப்பதைப் பற்றிப் பேசினாள். எடை போட்ட கணக்கைப் போனில் பதிவார்கள். போன் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்த பிறகுதான் கணக்கு டேட்டாபேஸுக்குள் போகும். அதற்குள் என்னென்ன குழப்பம் வரும் என்று விளக்கினாள். ஆங்கிலத்தில் பேசினாள். திரையில் படம் இருந்ததால் எனக்கு எல்லாம் புரிந்தது.

கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அவள் தமிழுக்கு மாறினாள்.

"ஐயா, கேள்வின்னா கேளுங்க. கதைன்னா டீ குடிக்கையில பேசிக்குவோம்."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

என்னிடம் இருந்தது கேள்விதான். "ஒரே சாக்குக் கொழுந்த ரெண்டு கங்காணி ரெண்டு போன்ல பதிஞ்சிருக்காங்க. ரெண்டுலயும் நிறை வேற வேற. ரெண்டு போன்லயும் மணி தப்பு. டேட்டாபேஸ் எத நம்பும்?"

அவள் யோசித்தாள். பிறகு, "தெரியலங்கய்யா," என்றாள்.

அத்தனை பேருக்கு முன்னால், மைக்கில். அந்த மேடையில் நின்று நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்லி முடித்துவிடுவேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. சொல்வதற்கு நாக்கில் ஏதோ வந்ததும் உண்மை. இரண்டு நிமிடம் பேசியிருக்கலாம், கைதட்டலும் வாங்கியிருக்கலாம்.

"தெரியாது," என்றேன். "அதான் கேக்குறேன்."

"அப்ப நம்ம அடுத்த கூட்டத்துக்கு இதையே வச்சுக்குவோம்," என்று சொல்லிவிட்டு, அடுத்துக் கை தூக்கியவரை அவள் பார்த்தாள்.

நான் உட்கார்ந்தேன். பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர் என் தோளைத் தட்டி, நல்ல கேள்வி என்று சிங்களத்தில் சொன்னார். அந்த மேடையிலிருந்து நான் எத்தனையோ வருடம் பதில் சொல்லியிருக்கிறேன். என் பதில்களைப் பற்றி யாரும் அப்படித் தோளைத் தட்டிச் சொன்னதில்லை.